மெரின் பள்ளத்தாக்கில் ஒரு வீடு

போட்டோகொப்பி இயந்திரத்திலிருந்து அப்போதுதான் வெளியே வந்த தாளைக் கன்னத்தில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? நான் வைப்பேன். ஐம்பதை நெருங்குகிற ஒரு ஆசிரியை, பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில், தவணைப் பரீட்சை வினாத்தாளைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு கண்ணை மூடி நிற்பது அப்படியொன்றும் பார்க்க அழகான காட்சி அல்ல. கடையில் நிற்கும் பிள்ளைக்குப் பழகிவிட்டது. "சூடு ஆறட்டும் டீச்சர், மை ஒட்டிக்கிரும்" என்று மட்டும் சொல்லும். போன கிழமையும் சொன்னது. வெளியே மழை. தாளின் சூடு காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றிபோல இருந்தது. அந்தச் சூட்டிலும் மையின் கருகல் வாசனையிலும் ஒரு நாடு இருக்கிறது. சும்மா அலங்காரத்துக்குச் சொல்லவில்லை; அதன் பெயர் தொர்வால். அதற்கு ஏழு மாகாணங்கள்.

தொர்வாலின் வரைபடத்தை நான்கு தாள்களாகக் கொப்பி அடித்து ஒட்டியது குணா. குணா பதுளைக் கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பையன். பையன் என்ன பையன், என்னைவிட இரண்டு வயது மூத்தவன், அப்போதே முன்மண்டை வழுக்கை. ஒட்டுவதற்குக் கண்ணாடி டேப் வாங்காமல், கடையில் கிடந்த கறுப்பு வயர் டேப்பால் ஒட்டிவிட்டான். அதனால் எங்கள் தொர்வாலின் நடுவே வடக்குத் தெற்காகவும் கிழக்கு மேற்காகவும் இரண்டு கறுப்புப் பட்டைகள் ஓடின. இரண்டு கிராமங்கள் டேப்புக்கு அடியில் போய்விட்டன. கடைசிவரை அந்த ஊர்களுக்கு நாங்கள் போகவே இல்லை. "அங்க எப்பவும் இருட்டு" என்பான் குணா. தப்பை ஒப்புக்கொள்ளாமல் அதற்கு ஒரு கதை கட்டிவிடுவது வியாபாரக் குடும்பத்து வழக்கமோ என்னவோ.

இதெல்லாம் என்ன விளையாட்டு என்று கேட்பீர்கள். சொல்கிறேன். நான்கைந்து பேர் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். ஒருவர் ஓர் இடத்தைச் சொல்வார்: இதோ ஒரு பாலம், பாலத்தின் நடுவே ஒருவன் வாளோடு நிற்கிறான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். நான் பேசிப் பார்க்கிறேன், நான் ஆற்றில் குதிக்கிறேன். நடக்குமா நடக்காதா என்பதை எண் போட்ட தாயக்காய் உருட்டிப் பார்ப்பார்கள். அவ்வளவுதான். வெற்றி தோல்வி கிடையாது. முடிவும் கிடையாது, ஆட்கள் வருவதை நிறுத்தும்வரை.

எங்கள் பாடசாலைக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஆறு மாதம் வந்திருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண், ஒரு பிற்பகல் எனக்கு இதை ஆடிக் காட்டினாள். திரும்பிப் போகும்போது பெட்டியையும் விட்டுவிட்டுப் போனாள். உள்ளே தொர்வாலைப் பற்றி ஒரு கனத்த புத்தகம், வரைபடம், இருபது பக்கம் கொண்ட பச்சைக் காய் ஒன்று. ஆட்டத்தின் விதிகள் எழுதிய புத்தகத்தை மட்டும் அவள் தன் ஊரிலேயே மறந்துவிட்டு வந்திருந்தாள். ஆக எங்களிடம் ஓர் உலகம் இருந்தது, சட்டம் இல்லை. நாங்களாக ஒன்று வைத்துக்கொண்டோம்: பத்துக்கு மேலே விழுந்தால் நடக்கும். மற்ற எதற்கும் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டியது. இந்த இரண்டாவது ஏற்பாட்டைப் பற்றி அப்போது யாரும் யோசிக்கவில்லை. நான்கூட.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. தெமோதரைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் தொண்டர் ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமை பகல் சோறு முடிந்ததும் பஸ் ஏறி பதுளைக்கு வருவேன். குணா கடையை அரைக்கதவு திறந்து வைத்திருப்பான். பின்னறையில் தும்புக்கயிற்றுச் சுருள்களும் ஆணிச் சாக்குகளும் இருக்கும். மண்வெட்டித் தகடுகளில் பூசிய எண்ணெயின் வாசனை. சாக்குகள்தான் ஆசனம். காய் ஆணிகளுக்குள் உருண்டு தொலைந்துவிடுகிறது என்று பழைய தராசின் தட்டில் உருட்டுவோம். தட்டில் அது சுற்றிச் சுற்றி ஓய்கிற சத்தம் இருக்கிறதே, கோயில் மணியை யாரோ கையால் பொத்தியதுபோல, அந்தச் சத்தத்தை வேறெங்கும் நான் கேட்டதில்லை.

இன்னும் இருவர். லோகு, தேயிலை ஃபெக்டரியில் இலை வாட்டும் மாடியில் வேலை. சட்டையிலிருந்து பச்சைக்கொழுந்து வாடும் மணம் போகவே போகாது. நல்ல உயரம், பெரிய குரல், ஆட்டத்தில் எப்போதும் முதலில் சாகிறவன். ஆறு தடவை செத்தான். ஒவ்வொரு தடவையும் "என் தம்பி வந்து பழி வாங்குவான்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஞாயிறு அந்தத் தம்பியாகவே வருவான். தாய் ஒருத்தி எத்தனைதான் பெறுவாள் என்று குணா கேட்பான். "பெத்தது பத்து. இன்னும் நாலு ஸ்டொக் இருக்கு."

பிறகு தவமணி. பஸ் நிலையத்துக்கு மேலே இருந்த கொமியூனிகேஷனில் வேலை. வெளிநாட்டுக்குக் கோல் எடுக்க வருகிறவர்களைக் கண்ணாடிக் கூண்டுக்குள் அனுப்பிவிட்டு, நேரத்தைப் பார்த்துக்கொண்டு வெளியே இருப்பாள். நாள் முழுக்க மற்றவர்களின் அழுகையைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படியான வேலை என்று ஒருமுறை கேட்டேன். "சத்தம் வராதுடி. மீன் தொட்டி மாதிரி" என்றாள். எங்கள் தோட்டத்துக்கு அடுத்த தோட்டம் அவளுக்கு. சாதாரணதரப் பரீட்சை எழுதியதிலிருந்து சிநேகிதி. இன்று யோசித்தால், சிநேகிதி என்று என் வாழ்க்கையில் ஒருத்தியைத்தான் சொல்லலாம் போலிருக்கிறது.

இடத்தைச் சொல்லி ஆட்டத்தை நடத்துகிறவருக்குப் புத்தகத்தில் ஆங்கிலத்தில் ஏதோ பட்டம் போட்டிருந்தது. லோகு அதைத் தள்ளிவிட்டான். "ஆளப் பேரு கூப்பிடுறது, வேலையப் பிரிச்சுக் குடுக்கிறது, தான் மட்டும் ஒண்ணும் செய்யாம நிக்கிறது. நம்மூர்ல இதுக்குப் பேரு கங்காணி." அன்றிலிருந்து நான் கங்காணி. தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்தி வேலை கொடுப்பதற்குப் பெரட்டு என்று பெயர். நான் புத்தகத்தைத் திறந்ததும் மூவரும் சாக்குகளிலிருந்து எழுந்து வரிசையாக நின்று, "பெரட்டுக்கு வந்துட்டோமுங்க" என்று கையைக் கட்டுவார்கள். சிரித்துச் சிரித்து எனக்கு இருமல் வந்துவிடும். சிரித்தேன் என்பதை இங்கே எழுதி வைத்துவிடுகிறேன். பிறகு தேவைப்படும்.

முதலில் தொர்வாலுக்குள் போக எங்களுக்குத் துணிவு இருக்கவில்லை. முந்நூறு பக்க ஆங்கிலத்தை அகராதியோடு வாசித்து முடிக்க எனக்கு மாதக்கணக்கில் ஆகும். அதுவரைக்கும் நாங்களே ஓர் உலகம் செய்வோம் என்றான் குணா. செய்தோம். ஆளுக்கொரு பென்சில். மலை வரைந்தோம். மலை உச்சியில் ராஜாவின் மாளிகை. மாளிகையைச் சுற்றிப் பூந்தோட்டம், வாசலில் நாய். நடு மலையில் ராஜாவின் பெரிய ஆலை. கீழே, ஆற்றோரம், குடிமக்களின் வீடுகள், ஒரே கூரையின் கீழ் வரிசை வரிசையாக. வரைந்து முடித்து எட்ட நின்று பார்த்தோம். லோகுதான் முதலில் சிரித்தான்.

"பங்களா, ஃபெக்டரி, லயம். யம்மா, எங்க தோட்டத்த அப்படியே கொப்பி அடிச்சிட்டீங்களே!"

எல்லோரும் சிரித்தோம். பிறகு சிரிப்பு நின்றுபோயிற்று. கற்பனை செய்யச் சொன்னால் எங்கள் கை தானாக அந்த மூன்றையும்தான் வரைகிறது. கடைக்காரக் குடும்பத்துக் குணாவின் கைகூட. அந்தத் தாளைத் தவமணி மடித்துச் சாக்குக்கு அடியில் செருகிவிட்டாள். "வேற யாராச்சும் செஞ்சு வச்ச ஊருக்கே போவோம்" என்றாள்.

ஏற்கெனவே யாரோ செய்து வைத்த உலகத்தில் விளையாடுவது சோம்பேறித்தனம் என்று இப்போது இணையத்தில் இளைஞர்கள் சண்டை போடுவதைப் பார்க்கிறேன். சொந்தமாக உலகம் செய்கிறவன்தான் பெரிய ஆள் என்கிறார்கள். இருக்கலாம். எங்களுக்கு அந்த வேற்று உலகம் எப்படி இருந்தது தெரியுமா? தொர்வாலில் ஒவ்வொரு குக்கிராமத்துக்கும் பெயர் இருந்தது. பெயர் வந்த காரணமும் இருந்தது. நான் பிறந்த இடத்தின் பெயர் மூன்றாம் நம்பர் டிவிஷன். தொர்வாலில் கிணறு வெட்டியவனுக்குக்கூட இரண்டு வரி வரலாறு எழுதியிருந்தார்கள், அவனுடைய மகளுக்குத் திக்குவாய் என்பதுவரை. என் தாத்தா இந்தியாவிலிருந்து எந்தக் கப்பலில் வந்தார் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. எந்த மாகாணத்தில் எப்போது மழை, எந்த ஊர்ச் சத்திரத்தில் வாத்து நன்றாக இருக்கும், எந்தச் சாமிக்கு எந்த நாளில் எள் போட வேண்டும், எல்லாம் இருந்தது. எள் இல்லை, அது வேறு ஏதோ தானியம். நான் எள் என்று மொழிபெயர்த்துவிட்டேன். நாங்கள் நால்வரும் அங்கே ஒரே அளவுக்கு அந்நியர்கள். குணாவுக்குத் தெரிந்த தெருவும் இல்லை, எங்களுக்குத் தெரிந்த மலையும் இல்லை. அதனாலேயே சமமாக நடக்க முடிந்தது.

நடந்தோம் என்றா சொன்னேன்? முதல் சில மாதங்கள் நாங்கள் அடித்த கூத்து வேறு. எந்த ஊர் வாசலுக்கு வந்தாலும் லோகு வீரன், ஆறடி வாளோடு, "இங்க ஒப்பீஸ் எங்க இருக்கு?" என்பான். வந்ததை எங்கேயாவது பதிந்துகொள்ளாமல் ஊருக்குள் போக அவனுக்குக் கால் வராது. குணா வீரனாக வந்ததே இல்லை. எல்லாத் தடவையும் வியாபாரி. அரக்கன் துரத்திக்கொண்டு வரும்போதும் கழுதைக்காரனோடு பேரம் பேசிக்கொண்டு நிற்பான். "கொஞ்சம் இருங்க, படியுது, படியுது" என்பான். தவமணியின் பாத்திரத்துக்குப் பெயர் நீலா, வில்லாளி. கறுப்பு டேப்பைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் ஒரு அம்பை எய்து பார்த்துவிட்டுத்தான் காலடி வைப்பாள். அதிகம் பேசமாட்டாள். வரைபடத்தைத்தான் பார்த்துக்கொண்டே இருப்பாள், விரலால் ஆறுகளைத் தடவிக்கொண்டு. ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு வருவது அவள்தான். பிளேன்டீ குணாவின் அம்மா உள்ளே இருந்து அனுப்புவார். இஞ்சி தட்டிப் போட்டது.

ஒன்றரை வருடம் இப்படிப் போயிற்று. அதற்குப் பிறகுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை.

எங்கள் பாத்திரங்கள் தொர்வாலின் வடக்கு மாகாணத்தைக் கடந்துகொண்டிருந்தார்கள். அங்கே மெரின் என்று ஒரு பள்ளத்தாக்கு. வரைபடத்தில் ஓர் ஆறும் நாலைந்து மரக்குறியும் மட்டும். ஊர் எதுவும் குறிக்கப்படவில்லை. தவமணி அதில் விரலை வைத்தாள்.

"இங்க ஒண்ணும் எழுதலியே?"

"காடு" என்றேன்.

"அப்ப நீலா இங்க நின்னுர்றா."

"நின்னு?" என்றான் குணா.

"வீடு கட்டுறா."

லோகு நெற்றியில் அடித்துக்கொண்டான். "ராட்சசன் நாடு பூரா எரிச்சிக்கிட்டு வர்றான், இவ அஸ்திவாரம் போடுறாளாம்!"

"எரிக்கட்டும். இது மூலையில தான இருக்கு." அவள் சிரிக்கவில்லை. "ரெண்டு ரூம் போதும். அடுப்படி தனியா. பொகை படுக்கிற எடத்துக்கு வரக்கூடாது. ஆத்தப் பாத்து ஒரு ஜன்னல். கதவத் தொறந்தா இன்னொருத்தர் மூஞ்சி தெரியக் கூடாது."

ஒன்றரை வருடத்தில் அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நாங்கள் கேட்டதில்லை. எனக்கு அவளுடைய லயத்துக் காம்பரா தெரியும், குடும்பம் முழுவதற்கும் ஒரே அறை. அண்ணன் கல்யாணம் கட்டிய பிறகு அவள் படுப்பது அடுப்பங்கரையில். பின்பக்கம் நாலு தகரம் இறக்கி ஒரு சாய்ப்பு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தோட்ட நிர்வாகத்திடம் கேட்டுக்கொண்டிருப்பதும் தெரியும். எல்லாம் தெரிந்துகொண்டுதான் நான் புத்தகத்தைப் புரட்டினேன். மெரின், பக்கத்தின் அடியில் மூன்று வரி. வடக்குக் கோமகனின் வேட்டைக்காடு. குடியிருப்புகள் இல்லை. குடியேற அனுமதி இல்லை.

அப்படியே தமிழில் வாசித்தேன்.

"அந்த ஆளு அங்க இருக்கிறானா?" என்று கேட்டாள்.

"வருஷத்துக்கு ஒருக்கா வேட்டைக்கு வருவாரு."

"மத்த நாள்ல?"

"மத்த நாளும் அவரு காணிதான்."

குணா இடையில் புகுந்தான். "விடு கங்காணி, ஒரு வீடு தானே. யாரு வந்து பாக்கப் போறா?"

"புத்தகத்துல இருக்கு" என்றேன்.

தவமணி என்னையே பார்த்தாள். "இங்கயுமாடி?" என்றாள்.

பிறகு, நான் சொல்லாமலே, காயை எடுத்துத் தராசுத் தட்டில் போட்டாள். அது சுற்றியது. நாலு பேரும் குனிந்து பார்த்தோம். பத்தொன்பது.

"நான் போடச் சொல்லலியே. கங்காணி சொல்லாமப் போட்டது செல்லாது."

இதைச் சொன்னது நான்தான். இருபத்தைந்து வருடமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன், வேறு யாருடைய வாயிலும் இந்த வாக்கியம் பொருந்தவில்லை.

ஏன் சொன்னேன்? ஒன்றை மாற்றினால் மற்றதெல்லாம் சரிந்துவிடும் என்று பயந்தேன், மறுபடியும் பங்களா, ஃபெக்டரி, லயம் வந்துவிடும் என்று பயந்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. மீதி உண்மை இது: அனுமதி இல்லை என்ற சொல் வாயில் இனித்தது. என் அப்பா தன் ஆயுள் முழுக்கக் காதால் கேட்ட சொல். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக நான் அதை இன்னொருவருக்குச் சொன்னேன்.

அன்று மாலை பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் லோகு சொன்னான். கேட்டுக் கேட்டுப் பதில் வராததால் தவமணியின் அண்ணன் பொறுக்காமல் அந்தச் சாய்ப்பைக் கட்டிவிட்டானாம். வெள்ளிக்கிழமை தோட்ட ஒப்பீஸ் ஆட்கள் வந்து தகரத்தைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டுப் போனார்களாம். "ஒங்ககிட்ட சொல்லலியா டீச்சர்?" சொல்லவில்லை. என்னிடம் சொல்லாமல் மெரினில் விரலை வைத்தாள். இதைவிட வேறெப்படிச் சொல்ல முடியும்?

அடுத்த ஞாயிறு மெரினில் அந்த வீட்டைக் கொடுத்துவிடுவது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்தேன். ஆனால் அவள் இரண்டாம் முறை கேட்கவில்லை. கேட்காமல் நானாகக் கொடுத்தால் அது நிவாரணம் போல ஆகிவிடும். வாய் வரைக்கும் வந்தது.

"நீலா இப்ப என்ன செய்றா?" என்று கேட்டேன்.

"எல்லாரும் போற எடத்துக்குப் போறா."

அதற்கடுத்த ஞாயிறும் அதே பதில். அம்பு எய்து பார்ப்பதையும் விட்டுவிட்டாள். கறுப்பு டேப்பைச் சும்மா தாண்டினாள். மூன்றாம் ஞாயிறு பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படங்களைக் கொண்டுவந்து காட்டினாள். குவைத்தில் ஒரு வீட்டில் வேலை. லோகு படத்தைப் பார்த்து, "மொறைக்கிற மொறையில அரபிக்காரன் ஓடிருவான்" என்றான். சிரித்தோம். அன்று ஆட்டம் நடக்கவில்லை.

ஒன்றை இன்னும் சொல்லாமல் வைத்திருக்கிறேன். அந்தப் புத்தகத்துக்கு ஒரு முன்னுரை உண்டு. 'இந்த உலகம் இந்த நொடி முதல் உங்களுடையது. எங்கள் நகரங்களை இடியுங்கள், அரசர்களை மாற்றுங்கள், வெறுமையாக விட்ட இடங்களை நிரப்புங்கள், அவற்றை உங்களுக்காகவே விட்டிருக்கிறோம்' என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தார்கள். நான் அதை வாசிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். அகராதியோடு, சொல் சொல்லாக வாசித்தேன். நம்பவில்லை, அவ்வளவுதான். எங்கள் தோட்ட ஒப்பீஸ் சுவரிலும் ஒரு பலகை இருந்தது: தொழிலாளர்கள் தங்கள் குறைகளை எந்நேரமும் வந்து தெரிவிக்கலாம். அதைப் படித்துவிட்டு எந்நேரமும் போய்த் தெரிவித்தவர் என்று எங்கள் லயத்தில் ஒருவருமில்லை. எழுதுவது அவர்களின் மரியாதை, போகாமலிருப்பது நமது மரியாதை என்று சிறுவயதிலேயே எங்களுக்குத் தெரியும். முன்னுரையை அப்படித்தான் வாசித்தேன். மூன்று வரி மறுப்பை அப்படியே நம்பினேன். வெள்ளைக்காரி விட்டுப்போன பெட்டியில் விதிப் புத்தகம் இருந்திருந்தாலும் நான் அதிலிருந்து தடைகளை மட்டும்தான் பொறுக்கி எடுத்திருப்பேன்.

தவமணி போன பிறகு மூன்று பேராக இரண்டு ஞாயிறு முயன்றோம். குணாவின் வியாபாரி பேரம் பேசுவான், லோகு சாவான், இடையில் ஓர் அமைதி விழும். அந்த அமைதியில் யாரும் ரொட்டிப் பொட்டலம் பிரிக்கமாட்டார்கள். பிறகு குணாவுக்குக் கல்யாணம், கொழும்புக்குப் போனான். இரும்புக்கடை இருந்த இடத்தில் இப்போது தொலைபேசிக்கு உறையும் கண்ணாடியும் விற்கிறார்கள். லோகு ஃபெக்டரியை விட்டு ஆட்டோ ஓட்டுகிறான், அவிசாவளைப் பக்கம். தினமும் காலையில் ஒரு ரோஜாப்பூப் படத்தோடு வணக்கம் அனுப்புவான். நானும் ஒரு பூ அனுப்புவேன். இருவருக்கும் அதற்கு மேல் பேச எதுவும் வருவதில்லை. ஆறு தடவை செத்தவனிடம் எதைத்தான் கேட்பது?

நான் பதுளையில் ஒரு அறை எடுத்துக்கொண்டேன். பாடசாலை, அறை, அறை, பாடசாலை. கல்யாணப் பேச்சுகள் வந்தன, போயின. அதை இன்னொரு நாள் சிரித்துக்கொண்டு சொல்லத்தான் வேண்டும். ஞாயிறு பிற்பகல்களில் தொர்வாலைத் தனியாக நடத்திப் பார்த்தேன். ஒரு கொப்பியில் நானே கேட்டு நானே பதில் எழுதுவது. முடியாது. காயை உருட்டுகிற கை வேறாக இருக்க வேண்டும். நான் எதிர்பாராததை இன்னொரு வாய் சொல்ல வேண்டும். மெரின் பக்கத்தில் மட்டும், பென்சிலால், சின்னதாக ஒரு வீடு வரைந்தேன். இரண்டு அறை. புகைபோக்கி தள்ளி. குவைத்துக்கு அனுப்பலாம் என்று கடித உறையும் வாங்கினேன். என்ன எழுதுவது? கோமகன் அனுமதி கொடுத்துவிட்டார் என்றா?

பதின்மூன்று வருடம் அவள் குவைத்தில் இருந்தாள். முதல் வருடம் இரண்டு கடிதம். பிறகு யாராவது சொல்லித் தெரிந்துகொள்வதுதான்: வீடு மாறிவிட்டாளாம், வந்து போனாளாம், கல்யாணமாம், வேன் ஓட்டுகிறவராம். போன வருடம் ஒரு புதிய நம்பரிலிருந்து அழைப்பு. "டீச்சரம்மாவா பேசுறது?" தவமணி. பண்டாரவளைப் பக்கம் ஏழு பேர்ச் அளவில் ஒரு துண்டுக் காணி வாங்கி வீடு கட்டியிருக்கிறார்களாம். பால் காய்ச்சுக்கு வர வேண்டுமாம்.

போனேன். சரிவில் கட்டிய வீடு. கதவைத் திறந்தால் எதிரே தைலமரங்கள்தான். அடுப்படி பின்னால் தனியாக. கணவர் நல்ல மனிதர், வந்தவர்களுக்கெல்லாம் கதிரை தூக்கிப் போட்டுக்கொண்டே இருந்தார். தவமணி பருத்திருந்தாள், மூக்குக்கண்ணாடி, சிரிக்கும்போது மட்டும் பழைய ஆள். என் கையைப் பிடித்து அறை அறையாக இழுத்துக்கொண்டு போனாள். படுக்கையறை ஜன்னலைத் திறந்து, "பாரேன், கீழ ஓடை தெரியுது" என்றாள்.

அந்த ஜன்னலருகில்தான் சொன்னேன். "மெரின்ல குடுக்காம விட்டேனே, அன்னிக்கு. மன்னிச்சிரு."

"எதுலடி?"

"மெரின். நீலா வீடு கட்டுறேன்னு சொன்னாளே. குணா கடையில."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே யோசித்தாள். உண்மையிலேயே யோசித்தாள், என்னை ஏமாற்றும் நோக்கம் அவளுக்கு இல்லை. "நீலாவா? அது யாரு, குணா தங்கச்சியா?" பிறகு முகம் மலர்ந்தது. "ஆமா, ஞாயித்துக்கிழமையில தராசுத் தட்டுல என்னமோ உருட்டி வெளையாடுவோமே, தாயக்கட்டை மாதிரி!"

"ஆமா" என்றேன். "அந்த மாதிரித்தான்."

"என்னா சிரிப்பு சிரிச்சோம்டி அப்ப" என்று சொல்லிவிட்டு, பால் பொங்குகிறது என்று யாரோ கூப்பிட, ஓடிப்போனாள்.

வேறொருவராக இருந்தால் இதில் நிம்மதி அடைந்திருப்பார்கள். நான் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளுக்கு வலிக்கவில்லை, அல்லது வலித்ததைவிடப் பெரிய வலிகள் பதின்மூன்று வருடத்தில் வந்து அதை மூடிவிட்டன. எப்படியோ அவள் கட்டிவிட்டாள், கோமகன்களைத் தாண்டி. தொர்வாலில் கடைசியாக மிஞ்சியிருப்பவள் நான்தான். லோகுவின் ஆறு கல்லறைகளும், படியாத கழுதைப் பேரமும், டேப்புக்கு அடியில் இருட்டிலேயே இருக்கும் இரண்டு ஊர்களும் என் ஒரு தலைக்குள் இருக்கின்றன. ஒரு தலைக்குள் இருப்பதை நாடு என்று சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

அன்று திரும்பி வந்து தொலைபேசியில் தொர்வாலைத் தேடினேன். ஏன் அதுவரை தேடவில்லை என்று கேட்காதீர்கள். புதிய பதிப்பு வந்திருக்கிறது. அந்த உலகத்துக் கணக்கில் நூறு வருடத்தை முன்னே தள்ளியிருக்கிறார்கள். நடுவில் ஒரு யுத்தம். தலைநகரம் சாம்பல். கிணறு வெட்டியவனின் ஊரும், வாத்து நன்றாக இருக்கும் சத்திரமும் இல்லை. அதைச் செய்தவர்களே எரித்துவிட்டார்கள், சும்மா, ஒரு புதிய கதைக்கு இடம் வேண்டும் என்று. நான் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றாமல் காத்துக்கொண்டிருந்த உலகம்.

வடக்கு மாகாணத்துக்குப் போய்ப் பார்த்தேன். கோமகனின் வம்சம் அற்றுப்போய்விட்டதாக எழுதியிருந்தது. காணிக்கு இப்போது சொந்தக்காரர் யாரும் இல்லை. அவசர அவசரமாக வரைபடத்தைத் திறந்தேன். யுத்தத்தில் மலை சரிந்து ஆற்றை அடைத்துவிட்டதாம். மெரின் இருந்த இடத்தில் ஏரி. ஆறும் இல்லை, அந்த நாலைந்து மரக்குறியும் இல்லை. இரண்டு விரலை வைத்து விரித்துப் பெரிதாக்கினேன். மறுபடியும் விரித்தேன். நீலம்தான் பெரிதாகிக்கொண்டே வந்தது.